வாசலில் ஒரு சோடி ஆண் செருப்பு

"சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்" என்றுதான் மிஸ் சொல்வார். அந்தச் சும்மாவுக்கு நடுங்காத தாய் கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்து ஒருத்தியும் இல்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரமாட்டார். மாடிப்படியில் குடையின் நுனி சிமெந்தைத் தட்டும் சத்தம்தான் அவருடைய தகவல். தட்டும், நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடி தட்டும். அது எங்கள் மாடிக்கு வந்து சேருவதற்குள் நான் என் வீட்டை மனதுக்குள் ஒருமுறை முழுதாய்ச் சுற்றி வந்துவிடுவேன். எது கிடக்கிறது, எது தொங்குகிறது, எது என்ன சொல்லிவிடும்.

வந்ததும் முகத்தைப் பார்க்கமாட்டார். நிலத்தைப் பார்ப்பார். தன் கறுப்புச் செருப்பைக் கழற்றி, வாசலில் ஏற்கெனவே கிடக்கும் செருப்புகளோடு ஒட்டினாற்போல் வைப்பார். ஒழுங்கான மனுசி என்று முதலில் நினைத்தேன். அளவு பார்க்கிறார் என்று பிறகுதான் விளங்கியது.

உள்ளே வந்து கதிரையில் இருந்ததும் தண்ணீர் கேட்பார். நான் எழும்பினால் உள்ளங்கையைக் காட்டி அமர்த்துவார். "நீங்க இருங்கோ. நானே எடுக்கிறன்."

குசினிக்குள் போவார். அதன்பிறகு ஓர் அமைதி. கோப்பைகள், பல்துலக்கும் பிரஷ்கள், குளியலறைக் கதவின் பின்பக்கத்து ஆணி, எல்லாவற்றையும் இரண்டு கண்கள் தடவிக்கொண்டு போகிற அமைதி. தையல் மெஷினின் ஊசிகூட அந்த நேரம் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் குழாய் திறபடும். தண்ணீர் கிளாசில் விழும் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு திரும்பும்.

அவர் தேடியது, வீட்டில் ஒளித்துவைத்திருக்கும் ஓர் ஆணை.

வெள்ளவத்தையில் தனியாக இருந்தவர். மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். தகப்பனில்லாமல் தாய் ஒருத்தியே இழுக்கிற வீடுகள், தாயில்லாமல் தகப்பன் இழுக்கிற வீடுகள், அப்படிப்பட்ட ஏழை வீட்டுப் பிள்ளைகள் கம்பஸ் படிப்பதற்கு வெளிநாட்டில் இருக்கும் சிலர் சேர்ந்து மாதாமாதம் ஓர் உதவி அனுப்பினார்கள். கொழும்பில் வீடு வீடாய்ப் பார்த்து, அவர்களுக்கு எழுதி அனுப்பி, அதைக் கொடுத்தவர் மிஸ்தான். சம்பளம் கிடையாது. ஆட்டோவில் ஏறமாட்டார், பஸ்தான். அந்த டிக்கட்டும் தன் சொந்தப் பணம். பாணையும் சம்பலையும் வீட்டிலிருந்தே சுற்றிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டுத் தேநீரில் ஒருநாளும் வாய் வைத்ததில்லை.

என் மகள் தர்ஷினிக்குக் களனிப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது மாடி முழுக்க இனிப்புக் கொடுத்தேன். படிப்பு இலவசம். ஆனால் பஸ் இலவசமில்லை. மதியச் சோறு இலவசமில்லை. போட்டோ கொப்பி, லப்டொப், போன் டேட்டா ஒன்றும் இலவசமில்லை. நான் தைக்கிறவள். காற்சட்டைக்குக் கரை மடித்து, சேட்டு இறுக்கி, சாரிக்கு ஃபோல்ஸ் அடித்து வருவது வாடகைக்குப் போய்விடும். அந்த உதவி வந்தால் அவள் படிப்பாள். நின்றால் அவளும் இன்னொரு மெஷினுக்கு முன்னால் குந்துவாள். இடையில் வேறு வழி இருக்கவில்லை.

விதவைகளுக்குக் கரைச்சல் இல்லை, மரணச் சான்றிதழைக் காட்டலாம். என் கணவர் சாகவில்லை. கட்டாருக்குப் போனார். கொஞ்சக் காலம் கோல் எடுத்தார். பிறகு அந்த நம்பரில் வேறு யாரோ வேற்றுப் பாஷையில் பேசினார்கள். செத்தவனைச் செத்துவிட்டான் என்று காட்டலாம். இல்லாதவனை இல்லை என்று எதை வைத்துக் காட்டுவது? வெறுமையை எந்தத் தட்டில் ஏந்திக்கொண்டு போய் நீட்டுவது?

போதாததற்கு என் வாசலில் கிடந்தது, ஒரு சோடி ஆண் செருப்பு.

அது பக்கத்து வீட்டு ராத்தா சொல்லித்தந்த உபாயம். அவருடைய கணவர் மவுத்தாகி, அவர் விதவையாகிப் பல வருடம். எங்கள் படிக்கட்டில் பின்னேரமானால் சில ஆண்கள் குந்திக் குடிப்பார்கள். அதில் ஒருவன், தொப்பி போட்டவன், நான் தண்ணீர்ப் போத்தலோடு ஏறும்போதெல்லாம் காலை மடக்காமல் நீட்டியே வைத்திருப்பான். நான் தாண்டிப் போகவேண்டும். அதைப் பார்த்துத்தான் ராத்தா சொன்னார்: "தங்கச்சி, ஆம்புளட செருப்பு ஒரு சோடி வாங்கி வாசல்ல போடுங்க. ஊட்டுக்குள்ள ஆம்புள ஈக்கிண்டு நெனச்சிக்குவானுவள். பெரிய சைஸா பாத்து வாங்குங்க என்ன. சின்னக் காலுக்கு எவன் பயப்படுவான்?"

எங்கள் மாடியில் ஆணில்லாத வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். கோலம் போடுகிற மாதிரி, விளக்கு வைக்கிற மாதிரி, செருப்பு வைப்பது. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கினேன். ஆனால் புதுச் செருப்பைக் கண்டு ஒருவரும் ஏமாறமாட்டார்கள். ஆகவே மொட்டைமாடியில் அதைப் போட்டுக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தேன். மழையில் நனையவிட்டேன். பின்னேரமானால் திசை மாற்றி வைப்பேன், காலையில் போனவர் வந்துவிட்டார் என்று. சில நாள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்படி போடுவேன், களைத்து வந்த மனிதன் உதறிவிட்டுப் போனதுபோல. கணவர் இருந்த காலத்தில் அவருடைய செருப்பை நான் இவ்வளவு கவனித்ததில்லை.

மிஸ் முதல் தடவை வந்த அன்று குடை நுனியால் அதைப் புரட்டிப் போட்டார்.

"ஆற்ற செருப்பு?"

"யாருடையதும் இல்ல மிஸ்."

"ஆற்றையும் இல்லாத செருப்பு தேயுமோ? வலக்குதி கூடத் தேய்ஞ்சு கிடக்கு. நடக்கிற ஆளொண்டு இருக்கு."

"நடந்தது நான்தான் மிஸ்."

போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். நடக்கச் சொன்னார். வராந்தாவின் அந்தத் தொங்கல் வரை போய் வந்தேன். என் கால் அதற்குள் ஒரு தோணிக்குள் நிற்கும் குழந்தைபோல் ஆடியது. வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. ராத்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மிஸ், நீங்க தேடுற மாப்புள இவதான்! நல்லாப் பாத்துக்கொள்ளுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நான் உங்களை நம்புறன் பிள்ளை. ஆனா நான் நம்பினது காணாது. நாளைக்கு வேற ஒராள் வந்து பாத்தாலும் நம்போணும். அதை எடுத்துப்போடுங்கோ."

"எடுத்தா, படியில இருக்கிறவங்கள் மிஸ்..."

"இல்லாததை வைச்சுக் காட்டாதேங்கோ. அடுத்த முறை வரேக்க அது கிடந்தா நான் உதவிக்குக் கையெழுத்து வைக்க ஏலாது."

எப்போது அடுத்த முறை? அதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விடுவதில்தான் அவருடைய முழு வேலையும் இருந்தது.

ஏன் இப்படி என்று ஒருநாள் அவராகவே சொன்னார். முன்பு ஒரு தாய், புருசன் இல்லை என்று அழுது உதவி வாங்கினாளாம். பிறகு ஆடிவேல் ஊர்வலத்தில் அந்தப் புருசனே மகளைத் தோளில் தட்டித் தட்டிக் கூட்டிக்கொண்டு போவதைக் கண்டாராம். செய்தி வெளிநாட்டுக்குப் போய், கோபத்தில் எல்லோருக்கும் உதவியை நிறுத்திவிட்டார்கள். மறுபடி தொடங்குவதற்குள் உண்மையாகவே ஒருவருமில்லாத ஒரு பெட்டை கம்பஸை விட்டுவிட்டு யாரையோ கட்டிக்கொண்டு போய்விட்டாள். "அவளின்ர பேரைக் கேக்காதேங்கோ" என்றார். நான் கேட்கவில்லை. அன்றிலிருந்துதான் அவர் நிலத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருக்கவேண்டும்.

தைக்கிறவளின் வீட்டில் ஆண் உடுப்பு இல்லாமல் எப்படி இருக்கும்? மெஷினில் எந்நேரமும் யாருடைய சேட்டாவது குப்புறக் கிடக்கும். மிஸ் அதை எடுப்பார். கழுத்துப் பட்டியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்ப்பார். "உடுப்பு இருக்கிறது பிழையில்ல. ஒவ்வொண்டும் வேற வேற ஆளின்ர மணமா இருக்கோணும். ஒரே மணம் ரெண்டு சேட்டில இருந்தாத்தான் கரைச்சல்." சொல்லிவிட்டு ஒவ்வொன்றாய் மணப்பார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெளியே காகம் கத்தும். யாரோ ஒருவனின் வியர்வை என் மகளின் படிப்பைத் தீர்மானித்துக்கொண்டிருக்கும்.

இன்னொருநாள் மெஷின் மேசையில் ஒரு சவர பிளேடின் பாதியைக் கண்டுவிட்டார். நகத்தால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது?"

"தையல் பிரிக்க மிஸ்."

"பிரியுங்கோ பாப்பம்."

ஒரு காற்சட்டையின் இடுப்புத் தையலை அவருக்கு முன்னால் பிரித்தேன். அன்றைக்குத்தான் தைத்து முடித்த தையல் அது. முழுவதையும் பிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்ல கை உங்களுக்கு" என்றார். உண்மையாகவே சொன்னார். அந்த வேலையை நான் மறுபடி செய்யவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

ஆனால் இதே மனுசிதான் தர்ஷினிக்கு லப்டொப் வேண்டுமென்று கேள்விப்பட்டு, யார் யார் வீட்டுப் படியெல்லாமோ ஏறி, ஒரு பழையதைத் திருத்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் வந்தவர். குடையை அதற்குப் பிடித்திருந்தார். தான் நனைந்திருந்தார். பிள்ளைக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் சிங்களத்தில் சண்டை பிடித்து உள்ளே விட வைத்தவர். இவரை வெறுக்கலாமென்றால் அதற்கும் விடமாட்டார்.

செருப்பை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே போட்டுவிட்டேன். வாசல் வெறுமையாயிற்று. ஒரு பல் விழுந்த வாய்போல் இருந்தது. அதைக் கவனித்த முதல் ஆள் தொப்பிக்காரன்.

மின்வெட்டு இருந்த காலம். ஒரு பின்னேரம் விளக்குகள் போனதும் கதவில் தட்டினான். "அக்கே, கவுத கெதர இன்னே?" வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சிங்களத்தில் கேட்கிறான். மிஸ் கேட்பதும் இதையேதான். ஒரே கேள்வி. ஒருவருக்கு ஒருவருமில்லை என்று சொல்லவேண்டும், மற்றவருக்கு ஆள் இருக்கிறார் என்று சொல்லவேண்டும். இரண்டையும் சொல்வதற்கு எனக்கு இருந்தது ஒரு வாய்.

"மஹத்தயா நிதி" என்றேன். ஐயா தூங்குகிறார்.

அவன் போனின் வெளிச்சம் கதவுக்குக் கீழே நீளமாய் உள்ளே வந்தது. வெளிப்பக்கம் நிலத்தில் எதையோ தேடியது. தேடிவிட்டு மெதுவாய்ச் சிரித்தது. வெளிச்சம் சிரிக்குமா? அன்று சிரித்தது.

மறுநாளும் வந்தான். கைப்பிடியை மெல்லக் கீழே அழுத்திப் பார்த்துவிட்டு விட்டான், ஏதோ கடையில் சாமான் பார்ப்பதுபோல. நானும் தர்ஷினியும் தையல் மெஷினை இழுத்துக் கதவோடு முட்டவைத்தோம். அவள் மெழுகுதிரியில் பரீட்சைக்குப் படித்தாள். கைப்பிடி அசைந்தால் வரி தவறும். மறுபடி அதே வரியிலிருந்து தொடங்குவாள்.

"செருப்ப வைப்பமே அம்மா."

"மிஸ் வந்தா?"

அவள் புத்தகத்துக்குத் திரும்பினாள்.

நான் வெள்ளவத்தைக்குப் போனேன். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் உயரமான தொடர்மாடி. கீழே காவலாளி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, மேலே போன் எடுத்துக் கேட்டு, பிறகுதான் லிஃப்டைக் காட்டினான். மிஸ்ஸின் வாசலில் ஒன்றுமே இல்லை. கால்மிதிகூட இல்லை. கதவில் மட்டும் பூட்டுக்குமேல் பூட்டு. ஒவ்வொன்றாய்த் திறபடும்வரை நின்றேன்.

விசயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ர வாசலைப் பாத்தனீங்களோ? புருசன் விட்டிட்டுப் போய் எவ்வளவு காலம். நான் ஒரு செருப்பும் வைக்கேல்ல. இல்லையெண்டா இல்லையெண்டு நிக்கப் பழகோணும் பிள்ளை."

அதுவரை எனக்குத் தெரியாது, அவரும் எங்களில் ஒருத்தி என்று.

"உங்களுக்குக் கீழ காவலாளி இருக்கிறார் மிஸ்" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. கீழே கரையோர ரயில் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, அதிர்ந்து, ஓய்ந்தது. உதவி முடிந்தது என்று நினைத்தேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"அவன் எத்தினை மணிக்கு வாறவன்?"

மறுநாள் பின்னேரம் படியில் குடை தட்டியது. எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. மேல்படியில் பேப்பரை விரித்துக் குந்தினார். பாண் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தார். "நீங்க போய்த் தையுங்கோ. நான் இஞ்ச இருக்கிறன்."

தொப்பிக்காரன் வந்தான். கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவியைக் கண்டு அவனுக்குப் பகிடியாய்ப் போயிற்று. "அம்மே, கவுத கெதர இன்னே?"

"மம இன்னவா" என்றார் மிஸ். நான் இருக்கிறேன்.

பிறகு அவனுடைய கால்களைப் பார்க்கத் தொடங்கினார். அவன் சிரித்தான், ஏதோ சொன்னான், நண்பனைத் தட்டினான். மிஸ் அவனுடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கிற அதே பார்வை. கொஞ்சம் கொஞ்சமாய் அவன் நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டான். எத்தனையோ நாள் நான் தாண்டிப்போன கால்.

அந்தப் பரீட்சை முடியும்வரை பின்னேரங்களில் வந்தார். தொப்பிக்காரன் அடுத்த பக்கத்துப் படிக்கட்டுக்குப் போய்விட்டான். அங்கேயும் வீடுகள் இருந்தன. அதைப்பற்றி மிஸ்ஸும் கதைக்கவில்லை, நாங்களும் கதைக்கவில்லை.

தர்ஷினி புத்தகத்தோடு அவருக்குப் பக்கத்தில் போய் இருக்கத் தொடங்கியது அப்போதுதான். மெஷின் சத்தத்துக்கு மேலாக இருவருடைய குரலும் கேட்கும். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் சாப்பிடும்போது மகள் சாதாரணமாகச் சொன்னாள்: "அம்மா, மேல்மாடி அக்காட வாசல்ல செருப்பு மாறியிருக்கு. கவனிச்சீங்களா?" என் கையில் அகப்பை நின்றுவிட்டது.

அவள் படித்து முடித்தாள். பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை. பட்டமளிப்பு உடுப்போடு மிஸ்ஸின் காலில் விழுந்தபோது, அவர் அவளைத் தூக்குவதற்கு முன் அவளுடைய புதுச் சப்பாத்தைப் பார்த்ததை நான் கண்டேன்.

போன மாரியில் மிஸ் இறந்துபோனார். காவலாளி தட்டிப் பார்த்துத் திறக்காமல், பூட்டுத் திறக்கிறவனைக் கூட்டிவந்து ஒவ்வொரு பூட்டாய்க் கழற்றவேண்டியிருந்ததாம். உள்ளே ஒருவரும் இருக்கவில்லை, அவரைத் தவிர. கேட்டு அழுதேன். அழுதுகொண்டே கட்டிலுக்குக் கீழே கையை விட்டு அந்தச் செருப்பை எடுத்து, தூசி தட்டி, வாசலில் வைத்தேன். தர்ஷினி வேலையால் வந்து அதைக் கண்டாள். தன் செருப்பைக் கழற்றி அதற்கு ஒட்டினாற்போல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மிஸ்ஸின் வேலையை இனி யார் செய்வது என்று வெளிநாட்டில் இருந்தவர்கள் தர்ஷினியைத்தான் கேட்டார்கள். அவள் என்னைக் கேட்கவில்லை. முதல் வீடு மட்டக்குளியில். ஒழுங்கை தெரியாது, வாங்க அம்மா என்றாள். போனேன். சனிக்கிழமை. சொல்லிவிட்டுப் போகவில்லை.

வரிசை வீடுகள். கடைசி வீட்டுக் கதவில் ஒரு பெண், என்னைவிட வயது குறைந்தவள், கையில் மீன் செதில். உள்ளே ஒரு பெட்டை கம்பஸ் புத்தகத்தை மடியில் வைத்தபடி எழும்பினாள். வாசற்படியில் ஒரு சோடி ஆண் செருப்பு. பெரிய சைஸ். புதுசு. தேயவேயில்லை. இதை நடந்து பழசாக்கவேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே. அல்லது, அது உண்மையாகவே ஒருவனுடையதா? எனக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்தது. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்.

"சும்மா பாத்திட்டுப் போக வந்தனாங்கள்" என்றாள் என் மகள்.

எங்கள் வீட்டில் நாங்கள் அப்படிக் கதைப்பதில்லை. குரல் அவளுடையது. பேச்சு மிஸ்ஸினுடையது.

செருப்பைக் கழற்றினாள். அந்த ஆண் செருப்போடு ஒட்டினாற்போல் வைத்தாள். உள்ளே போய் இருந்தாள். படிப்பைப்பற்றிக் கேட்டாள், பஸ்ஸைப்பற்றிக் கேட்டாள், சிரித்தாள். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். அந்தப் பெண் செதில் கையைத் துடைத்தபடி திரும்ப, என் மகளின் உள்ளங்கை உயர்ந்தது.

"நீங்க இருங்கோ. நானே எடுக்கிறன்."

குசினிக்குள் போனாள். நானும் அந்தப் பெண்ணும் வாசலில் நின்றோம். செருப்பு எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக, "உங்கட மகள் என்ன எழுதுவா?"

நான் குழாய் திறபடும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

இன்னும் திறபடவில்லை.